இப்போதைக்கு ஜீரோ

கம்ப்யூட்டரைப் பற்றி யாராவது உற்சாகமாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கொட்டாவி வருகிறது, அடுத்துக் குமட்டல் வருகிறது. இந்த வரிசை மாறியதில்லை.

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் மட்டும் இப்போது மூன்று கம்ப்யூட்டர் சென்டர்கள் இருக்கின்றன. ஒன்று முன்பு டைப்ரைட்டிங் பள்ளி, ஒன்று சைக்கிள் கடை, மூன்றாவது நெல் அவித்த கொட்டகை. மூன்றின் போர்டிலும் ஒரு ராக்கெட் பறக்கிறது. ராக்கெட்டுக்கும் உள்ளே சொல்லித்தரும் பாடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு சென்டர்காரரைக் கேட்டேன். "பெயிண்டர் வரைஞ்சிட்டாரு சார், அழிச்சா போர்டு வெறிச்சின்னு இருக்கும்" என்றார்.

இந்த வருடம் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் புத்தி கெட்டுப் போகுமாம். வருடத்தை எழுதும்போது கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு முன்னால் இருந்த இரண்டை மிச்சம் பிடித்துவிட்டார்களாம். இதைச் சொல்கிறவர்கள் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை, ஏதோ பெரிய ரகசியத்தில் பங்கு கிடைத்த மாதிரி சொல்கிறார்கள். நான் முப்பத்தொரு வருடமாக டைரி எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் வருடத்தை நான்கு இலக்கமாகத்தான் எழுதுகிறேன். என் பேனாவில் மை தீர்ந்துபோய்விடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடியில் கொப்பரை அளவுக்கு ஒரு டிஷ் வைத்திருக்கிறார். ஆகாயத்தில் சுற்றும் சாட்டிலைட்டிலிருந்து பார்த்தால் கீழே நிற்கும் மாட்டின் கொம்புகூடத் தெரியும் என்று தெருவில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அவருடைய மாடு வாரத்தில் இரண்டு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். சாயங்காலம் ஏமப்பேர் பக்கம் வரைக்கும் போய் வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு தேடுவார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். நான் எழுத வந்தது வேறு.

நான் வேலை பார்ப்பது மழைக் கணக்கு எடுக்கும் ஒரு சிறிய அலுவலகம். எந்தத் துறை, எந்தத் தெரு என்பது வேண்டாம். தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, உள்ளே பாட்டிலில் விழுந்த தண்ணீரை அளவு கிளாஸில் ஊற்றி, கோட்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். மழை பெய்திருக்காவிட்டாலும் திறந்து பார்க்க வேண்டும். எங்கள் அலுவலக வாசலில் ஒரு மழைமானி, சுற்றுக் கிராமங்களில் சில, கல்வராயன் மலைமேல் ஒன்று. அவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

போன மாதம், பழைய பதிவேடுகளையும் அச்சிட்ட வருடப் புத்தகங்களையும் தனியார் சென்டர் ஒன்றில் கொடுத்துப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. கட்டுகளை எடுத்துக்கொண்டு போனவன் நான். அந்த முன்னாள் நெல் கொட்டகையில் உட்கார்ந்து, ஒரு பெண் திரையில் அடித்துக்கொண்டே போன எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மலை மழைமானியின் பக்கத்தில் வரிசையாக ஏழு பூஜ்யங்கள் வந்து நின்றன. அந்த ஏழும் எனக்குத் தெரிந்தவை.

அவை பிறந்த கதையைச் சொல்ல, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருடங்களுக்குப் போக வேண்டும். அப்போது எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. யாருக்கு எத்தனை பங்கு, எந்தக் கணக்கெடுப்பின்படி பங்கு என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. எங்கள் அலுவலகத்தில் நாங்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் ஒரே கடையில் டீ குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். நான் இரண்டு பேரோடும் தனித்தனியாகப் போய்க் குடித்து, அந்த வருடம் முழுக்க வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன்.

அதே காலத்தில்தான் மாவட்டத் தலைமை அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, எங்களை எல்லாம் அழைத்துக்கொண்டுபோய்க் காட்டினார்கள். அதற்கென்று ஒரு தனி அறை, கண்ணாடிக் கதவு, உள்ளே மார்கழிக் குளிர். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்த தடம் திரையின் நெற்றியில் அழியாமல் இருந்தது. எங்கள் மேலதிகாரி, தம் சொந்த ஊர்க் கோயிலில்கூட அப்படிக் கைகட்டி நின்றிருக்க மாட்டார்.

அந்த அறைக்கு அதிபதி ஓர் இளைஞன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கையில் கால்குலேட்டர் வைத்த வாட்ச். சுவரில் விண்வெளி ஓடத்தின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தான். எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் சிரிப்பான், பிறகு நமக்குப் புரியாத ஒரு சொல்லைச் சொல்வான், அதன் பிறகுதான் பதில். "மிஷின் தப்பே பண்ணாது சார். தப்புன்னு இருந்தா அது மனுஷன் பண்ணதுதான்" என்று அன்றைக்கு மட்டும் மூன்று தடவை சொன்னான். எண்ணினேன்.

என்னிடம் மட்டும் அவனுக்குக் கொஞ்சம் பிரியம். என் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இல்லை, எண்கள் ஒரே உயரத்தில் இருக்கின்றன, பார்த்து அடிக்கச் சுகமாக இருக்கிறது என்றான். அதற்குப் பரிசாக, ஓரத்தில் துளை போட்ட நீளக் காகிதத்தில், ஆங்கில எழுத்து எக்ஸை மட்டும் ஆயிரக்கணக்கில் அடுக்கி ஒரு பிள்ளையார் படம் அடித்துக் கொடுத்தான். கீழே நட்சத்திரக் குறிகளால் ஆன என் பெயர், ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு. அடித்து முடிக்கும் வரைக்கும் அந்த இயந்திரம் தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி கத்தியது. அந்தக் காகிதத்தை நான் சுருட்டி, பஸ்ஸில் நசுங்காமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததில் அந்தக் காகிதத்துக்குப் பங்கு இருக்கிறது.

மலைமேல் மழைமானி இருந்தது ஒரு சிறிய பயணியர் விடுதியின் வளாகத்தில். அதைப் பார்த்துக்கொண்டவர் விடுதியின் காவலாளி, மலைக்காரர், என் வயதுதான் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் எட்டரைக்கு அவர் தண்ணீரை அளப்பார். கீழிருந்து முதல் பஸ்ஸில் வரும் பள்ளிக்கூட ஆசிரியர், அவர் சொல்வதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதே பஸ் திரும்பும்போது கண்டக்டரின் தோல் பையில் அந்தச் சீட்டு கச்சிராயபாளையம் வழியாக எங்களுக்கு வந்துவிடும். நாங்கள் வாரம் ஒரு தடவை எல்லா ஊர்க் கணக்கையும் தொலைபேசியில் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த இளைஞன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான்.

நான் அந்தக் காவலாளியைப் பேச்சில் "வாப்பா, போப்பா" என்றுதான் சொல்வேன். எங்கள் பக்கத்தில் மலைக்காரர்களிடம் அப்படித்தான் பேசினார்கள், நானும் பேசினேன். டைரியில் மட்டும் "அவர்" என்று எழுதியிருக்கிறேன். ஏன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

மறியல் தொடங்கிய அன்று உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். சின்னசேலம் பக்கமும் அப்படித்தான். ஒரு வாரம் எந்தத் திசையிலும் பஸ் இல்லை. ஆசிரியர் மலைக்குப் போகவில்லை, சீட்டு வரவில்லை. கள்ளக்குறிச்சியில் அந்த வாரம் மண் நனைகிற அளவுக்குத் தூறல் ஒரு நாள், மற்ற நாள் வெயில். மேற்கே மலை மட்டும் பகலெல்லாம் கறுத்துக் கிடந்தது. அது எப்போதும் கறுப்பாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதுவும் டைரியில் இருக்கிறது: "மலை தெரியவில்லை." மூன்றாம் நாள் குறிப்பு அது.

எட்டாம் நாள் காலையில் தொலைபேசி அடித்தது. அந்த இளைஞன்தான்.

"சார், மலை ஸ்டேஷன் ஏழு நாளும் காலியா இருக்குது. காலியா வுட்டா மிஷின் அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது."

பஸ் இல்லை, சீட்டு வரவில்லை, வந்ததும் சொல்கிறேன் என்றேன்.

"அது தெரியும் சார். இப்போதைக்கு ஜீரோ போட்டுக்கறேன். வந்ததும் சொல்லுங்க, மாத்திக்கலாம். நீங்க சொன்னா நான் மறு கேள்வி கேக்கப் போறதே இல்ல."

எனக்காக ஒரு பிள்ளையாரை அடித்துக் கொடுத்தவன். எங்கள் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் அறையோடு இப்படி உரிமையாகப் பேசக்கூடியவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த மற்ற நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"போட்டுக்கப்பா" என்றேன்.

அன்றைய டைரியில் நான் எழுதியிருப்பது: "மலை, ஏழு நாள், பூஜ்யம், தற்காலிகம்." யார் சொல்லிப் போடப்பட்டது என்று எழுதவில்லை. பஸ் டிக்கெட்டின் வரிசை எண்ணைக்கூடக் குறித்து வைக்கிற ஆள் நான்.

மரங்களை அகற்றிச் சமவெளியில் பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் மலைக்கு பஸ் போகவில்லை. மறியல் இன்னும் முழுசாக முடியவில்லை போல என்று எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது யாருக்கும் தெரியாது. அந்த வாரம் நின்றுபோன எல்லாவற்றுக்கும் மறியல் என்ற ஒரே காரணம் போதுமானதாக இருந்தது.

பத்தாம் நாள், அலுவலகம் திறந்த கொஞ்ச நேரத்தில் காவலாளி வந்து நின்றார். அடுத்த வாரக் கணக்கை அளக்கத் தம்பியை விடுதியில் நிறுத்திவிட்டு, மலையிலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் நடந்து வந்து, அங்கிருந்து பஸ் பிடித்திருக்கிறார். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து தேக்கிலைப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜைமேல் வைத்தார். ஏழு பொட்டலங்கள். ஒவ்வொன்றும் நாரால் கட்டியிருந்தது. முதல் பொட்டலத்தின் நாரில் ஒரு முடிச்சு, இரண்டாவதில் இரண்டு, ஏழாவதில் ஏழு.

எழுத ஆள் இல்லாததால் அவரே ஒரு வழி செய்திருந்தார். கிளாஸ் ஒரு முறை நிறைந்தால் ஒரு கடுக்காய். கடைசியில் நிறையாத கிளாஸுக்கு, தண்ணீர் எத்தனை பெரிய கோடு ஏறியிருக்கிறதோ அத்தனை புளியங்கொட்டை. மலையில் கடுக்காய்க்குப் பஞ்சம் இல்லை.

முதல் நாள் பொட்டலத்தைப் பிரித்தேன். மூன்று புளியங்கொட்டை. இரண்டாவதைப் பிரித்தேன். ஒன்றும் இல்லை. வெறும் இலை, அதை மடித்து, கட்டி, இரண்டு முடிச்சும் போட்டிருக்கிறார்.

"இதுல ஒண்ணும் காணோமே?"

"அன்னிக்கி மழ இல்ல சார்."

"அப்ப வெறும் எலய எதுக்கு முடிஞ்சிக்கினு வந்த?"

"தெறந்து பாத்தேன்னு தெரியணும் இல்ல சார். இல்லாங்காட்டி, பாக்காமயே வுட்டுட்டான்னு நெனப்பீங்க."

அந்த இலையை மடித்து ஓரமாக வைத்தேன். மூன்றாவது பொட்டலம் கனமாக இருந்தது. ஒன்பது கடுக்காய், நான்கு புளியங்கொட்டை. அவ்வளவு மழை ஒரே நாளில் அந்த மழைமானியில் அதற்கு முன் பதிவானதில்லை. பாட்டில் நிரம்பி வெளி உருளையில் வழிந்ததையும் சேர்த்து, ஒரு சொட்டு சிந்தாமல் அளந்ததாகச் சொன்னார். அந்த நாள் அவருடைய ஊரில், மேட்டுச் சரிவில் இருந்த சாமைப் பயிர் மண்ணோடு சேர்ந்து ஓடைக்குப் போய்விட்டது. கதிர் பிடிக்கிற சமயம். பதினோரு குடும்பம், ஒருவருக்கும் அடுத்த விதைப்புக்கு ஒரு படி சாமைகூட இல்லை. விதை கேட்டு மனு கொடுக்க ஊர்க்காரர்கள் ஏற்பாடு செய்துகொண்டிருப்பதையும் சொன்னார். "மழக்கணக்கு ஒங்க ஆபீசுல கேப்பாங்களாம் சார். அதான் கணக்க மொதல்ல சேத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஏழு நாள் கணக்கையும் நான் கோடு கோடாகக் கணக்கிட்டு என் டைரியிலும் அலுவலகப் பதிவேட்டிலும் எழுதினேன். அவர் போனதும் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். அந்த இளைஞன் உண்மையிலேயே வருத்தப்பட்டான். முந்தாநாளே மாதத்தை மூடிவிட்டார்களாம். மூடிய மாதத்தைத் திறக்க அவனால் முடியாதாம், அந்தச் சாஃப்ட்வேரை எழுதியவர்கள் அப்படி எழுதியிருக்கிறார்களாம். கடைக்குக்கூட ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து போக வழி உண்டு. இது என்ன கதவு என்று கேட்டேன். சிரித்தான்.

மனு வந்தது. எங்கள் மேலதிகாரி தலைமை அலுவலகத்திலிருந்து அச்சிட்ட தாளை வரவழைத்தார். துளை போட்ட காகிதம், மேலே தலைப்பு, கீழே பக்க எண், நடுவே ஒரே நேர்கோட்டில் ஏழு பூஜ்யம். பக்கத்தில் என் கையால் எழுதிய பதிவேட்டை வைத்தார். கையால் எழுதியது, எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். தாள் அப்படி இல்லை. மனுக்காரர்களிடம் அவர் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. "பெய்யாத மழ எப்பிடிய்யா பயிர அடிச்சிக்கினு போச்சு?"

கடுக்காய்க் கதையைச் சொன்னபோது அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காவலாளி அந்த ஊர்க்காரர், மனு கொடுத்தவர்களில் அவருடைய தம்பியும் இருந்தார். ஆக, சொந்தக்காரர்களுக்காகக் காட்டில் கிடந்த கடுக்காயைப் பொறுக்கிப் போட்டுவிட்டார் என்று முடிவாயிற்று. மழைமானியை அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டும், மனுவைத் தள்ளிவிட வேண்டும் என்று குறிப்பு எழுதத் தொடங்கினார்கள். பயிர் போனது ஒரு பக்கம். பதினாறு வருடம் ஒரு நாள் தவறாமல் அளந்த மனிதன் இப்போது திருடன்.

அந்தத் தாளில் இருந்த பூஜ்யங்கள் மழையைப் பார்த்து எழுதியவை அல்ல, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னவை என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். எழுதிக் கொடுக்கவில்லை. டைரியைப் பார்த்துச் சொல்கிறேன்: ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு என்ன பயம்? வேலை போகாது. மெமோ வரும். அடித்தல் திருத்தல் இல்லாத ஆள் என்ற பெயர் போகும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, அந்த வாட்ச் கட்டிய கையின் முன்னால், தப்பு மனுஷன் பண்ணதுதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

பத்தாம் நாள் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். வெளியே செருப்பைக் கழற்றினேன். வெறுங்காலில் அந்தக் குளிர்ந்த தரை பட்டதும் உடம்பு கூசியது. அங்கிருந்த மேற்பார்வையாளர் நல்ல மனிதர். தகவல் வராமலே எண் கொடுக்கப்பட்டது என்று கொடுத்தவரே எழுதித் தந்தால் திருத்தலாம், ஆனால் அவர்மேல் நடவடிக்கை வரும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். எழுதினேன். நான்கு வரி. கையெழுத்துப் போட்டு, கீழே தேதி, வருடம் நான்கு இலக்கம்.

அந்த இளைஞன் பக்கத்தில் நின்று படித்தான். "நானும்தான் சார் போடட்டுமான்னு கேட்டேன்" என்றான் மெதுவாக. கேட்டது அவன், போடச் சொன்னது நான். மிஷின் தப்புப் பண்ணவில்லை. அவன் ஆயிரம் தடவை சொன்ன அந்த வாக்கியம் முழுக்கச் சரி என்பதுதான் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

பிறகு எப்படித் திருத்தினார்கள் என்பதையும் சொல்கிறேன். மூடிய மாதத்தைக் கம்ப்யூட்டர் கடைசி வரை திறக்கவே இல்லை. பழைய டைப்ரைட்டரை அலமாரியிலிருந்து இறக்கி, தூசி தட்டி, ஏழு எண்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் அடித்தார்கள். அந்த இளைஞன் கோந்து பாட்டிலைக் கொண்டுவந்து விரலால் தடவி, தாளின்மேலும், பிறகு வந்த வருடப் புத்தகத்தின்மேலும், பூஜ்யங்கள் மறைகிற மாதிரி ஒட்டினான். குளிர் அறை, கண்ணாடிக் கதவு, சந்தனம், விண்வெளி ஓடம், எல்லாம் சேர்ந்து கடைசியில் கோந்து. நான் அந்த அறையை விட்டு வரும்போது விரலைத் துடைக்கத் துணி இல்லாமல் அவன் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு மெமோ வந்தது. மனு ஏற்கப்பட்டது. ஆடி விதைப்புக்கு முன்னால் பதினோரு குடும்பத்துக்கும் சாமை விதை போய்ச் சேர்ந்ததை நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காவலாளிமேல் எழுதிய குறிப்பைக் கிழித்துப் போட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

விதை போய்ச் சேர்ந்த அதே வாரம் காவலாளி மறுபடி வந்தார். துண்டில் சுற்றி அளவு கிளாஸையும், மழைமானியின் சாவியையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். இனிமேல் பார்க்க மாட்டேன், வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வருத்தமோ கோபமோ குரலில் இல்லை.

"ஏம்ப்பா, அதான் ஒன் கணக்குதான் சரின்னு புக்குலயே ஒட்டிட்டாங்களே" என்றேன்.

"என் கணக்க நம்பி ஒட்டல சார். ஒங்க கையெழுத்த நம்பி ஒட்டுனாங்க."

சாவியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "நீங்க வூட்லேர்ந்தே சொல்லிக்கலாம்னா, நான் எதுக்கு தெனம் தெறந்து பாக்கணும்?" என்று கேட்டார். நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்ட மாதிரி இருந்தது. போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று டைரியில் தேடிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அவருக்குப் பிறகு அங்கே இரண்டு பேர் வந்தார்கள், நிற்கவில்லை. அப்புறம் ஒரு தானியங்கிக் கருவியை வைத்தார்கள். சூரிய ஒளித் தகடு, ஆண்டெனா, பூட்டிய பெட்டி. மழை விழுந்தால் அதுவே அளந்து நேராக ஆகாயத்துக்கு அனுப்பும், அங்கிருந்து சாட்டிலைட் திருப்பிக் கீழே அனுப்பும். வைத்த வருடமே, கல்வராயன் மலையில் மழையே இல்லை என்று வாரக்கணக்கில் சொன்னது. நான் போய்ப் பார்த்தேன். புனலின் வாயில் குளவி மண் கூடு கட்டியிருந்தது. தலைமை அலுவலகத்துக்குச் சொன்னேன். அந்த இளைஞன் அதற்குள் வேறு எங்கோ போய்விட்டான், புதிதாக வந்தவன் என்னைத்தான் சந்தேகப்பட்டான். "சாட்டிலைட் டேட்டா சார், மனுஷக் கையே படாதது" என்றான். தண்ணீர் பிடிக்கும் குழாயடியில்கூட இந்த மாதிரி பேச்சை யாரும் பேச மாட்டார்கள். கை படாததைத்தான் சுத்தம் என்கிறார்கள். குளவி பட்டால் பரவாயில்லை.

இவ்வளவும் அந்த நெல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது என் தலைக்குள் ஓடியது. எழுந்து அந்தப் பெண்ணின் அருகில் போய் வருடப் புத்தகத்தைப் பார்த்தேன். ஒட்டிய துண்டு இல்லை. கோந்து காய்ந்து, உரிந்து, எங்கோ விழுந்திருக்கிறது. மஞ்சளாக ஒரு கறை மட்டும், அதற்குள் ஏழு பூஜ்யமும் பளிச்சென்று.

இது தப்பு என்றேன். "புக்குல இருக்கறததான சார் அடிக்க முடியும்" என்றாள். நியாயம்தான். திருத்த வேண்டும் என்றேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இரண்டு கட்டு பாக்கி இருக்கிறது, சாயங்காலத்துக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"இப்போதைக்கு இருக்கட்டும் சார். அப்புறமா மாத்திக்கலாம்."

"இருக்கக் கூடாதும்மா. நான் வர்ற வரைக்கும் இந்தப் பக்கத்த மூடாத" என்றேன்.

அந்த வருடத்து அலுவலகப் பதிவேடு எப்போதோ கரையானுக்குப் போய்விட்டது. வீட்டுக்குப் போய், அந்த வருடத்து டைரியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் திரும்பி வந்தேன். இருபத்து நான்கு நிமிடம். பக்கத்தைத் திறந்து வைத்து, மேலதிகாரிக்கு என் பொறுப்பில் எழுதித் தருவதாகச் சொல்லி, அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் எண்ணைச் சொன்னேன். பூஜ்யத்தை அழித்துவிட்டு அடித்தாள்.

"ரெண்டாம் நாளு?"

"ஜீரோ."

"அது இருக்குது சார்" என்று மூன்றாம் நாளுக்குப் போனாள்.

"இல்லம்மா. அதையும் அழிச்சிட்டு மறுபடி அடி."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதே ஜீரோதான சார்?"

அதே இல்லை, இது நான் சொன்ன ஜீரோ, அது ஒருத்தர் திறந்து பார்த்துச் சொன்ன ஜீரோ என்றேன். அவள் பக்கத்து மெஷினில் இருந்த தோழியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தியதை நான் கவனித்தேன். பெரிசுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். ஆனாலும் ஒரு விசையைத் தட்டி அதை அழித்தாள், இன்னொரு விசையைத் தட்டி மறுபடி போட்டாள்.

திரையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூன்றாம் நாள் எண்ணைச் சொன்னேன்.